மாணிக்கக் கண்ணாடி: மூலமும் உரையும் காரணமும்

ஒரு தொழிற்கலையை ஏட்டில் எழுதிவைத்துவிட்டால் அக்கலை அழியாது நிற்கும் என்பது கற்றோர் பலரின் நம்பிக்கை. நூல் இருந்தும் கலை எளிதிற் கைவராத நிகழ்ச்சிகள் வரலாற்றில் உள. பொன்னைச் சேர்த்துச் செந்நிறக் கண்ணாடி செய்த ஐரோப்பியரின் வரலாறு அவற்றுள் ஒன்று. அதனை ஈண்டு ஆராய்வாம்.

இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லைகர்கஸ் கிண்ணம் எனப்படும் உரோமானியக் கண்ணாடிக் கலம் ஒன்று உள்ளது. அது கி.பி. 4ஆம் நூற்றாண்டினது, 1958இல் அவ்வருங்காட்சியகத்தை அடைந்தது. மதுத் தெய்வமாகிய டயோனிசசைப் பகைத்த மன்னன் லைகர்கஸ் கொடியாற் பிணிப்புண்டு வருந்தும் காட்சி அதன் புறத்தே செதுக்கப்பட்டுள்ளது. புறத்திருந்து ஒளி படுங்கால் கிண்ணம் பச்சையாகத் தோன்றும். உள்ளே விளக்கை வைத்து நோக்கின் குருதி போலச் சிவக்கும். பொன்னும் வெள்ளியும் கலந்த நுண்துகள்கள் அக்கண்ணாடியில் விரவியிருத்தலே இதற்குக் காரணம் என்பதை 1990இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. துகள்களின் குறுக்களவு 50 முதல் 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர் ஆகும். பத்து இலட்சம் பங்கு கண்ணாடியுள் பொன் ஏறத்தாழ 40 பங்கு. வெள்ளி ஏறத்தாழ 300 பங்கு. இத்தகைய கலங்களும் உடைசல்களுமாக எஞ்சியவை மிகச் சிலவே. அக்கைத்திறன் தொடர்ந்து வளரவில்லை.

இடைக்காலத் தேவாலயப் பலகணிகளின் சிவப்பும் பொன்னால் வந்ததே எனச் சிலர் எழுதுவர். அது பொருந்தாது. அச்சிவப்பு பெரும்பாலும் செம்பினால் அமைந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அப்பலகணிகளிற் பரவிய மஞ்சளோ வெள்ளியால் அமைந்தது. மஞ்சள் நிறப் பொன் சிவப்பைத் தருதலும், வெண்ணிற வெள்ளி மஞ்சளைத் தருதலும் கண்டோர்க்கு வியப்பளித்தன. ஏன் என்னும் வினாவிற்கு விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

இனி மூலநூலுக்கு வருவோம். அந்தோனியோ நேரி என்னும் இத்தாலியப் பாதிரியார் 1612இல் பிளாரன்சு நகரில் கண்ணாடிக் கலைபற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொன்னை இராசத் திராவகத்திற் கரைத்து, அந்நீரை வற்றச்செய்து, எஞ்சிய பொடியைக் கண்ணாடியிற் சேர்த்துச் செம்மை பெறும் வழியை அந்நூல் சுருங்கக் கூறுகின்றது. 1662இல் மெரெட் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துக் குறிப்பெழுதினார். 1679இல் யோகான் குங்கெல் ஜெர்மன் மொழியில் பெயர்த்துத் தம் உரையையும் சேர்த்தார். மூலம், மொழிபெயர்ப்பு, உரை என்னும் மூன்றும் இங்ஙனம் ஒருங்கே அமைந்தன.

குங்கெல் ஏட்டளவில் நின்ற உரையாசிரியர் அல்லர், உலையருகே நின்றவர். பிரான்டன்பர்க் ஆட்சியாளர் பிரெடரிக் வில்லியம் அவரைப் புரந்தார். பாட்ஸ்டாம் அருகே இன்று மயில் தீவு எனப்படும் தீவை 1685இல் அவருக்கு அளித்தார். அதே ஆண்டில் ஆண்டிரியாஸ் காசியஸ் என்பார், பொற்கரைசலில் வெள்ளீயக் கரைசலைச் சேர்த்து ஊதாநிறப் படிவு பெறும் முறையைத் தம் நூலில் வெளியிட்டார். அப்படிவு இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. ஆயினும், அதனைக் கொண்டு கண்ணாடியில் சீரான செந்நிறம் பெறத் தாம் பட்ட பாடு பெரிது என்பது குங்கெலின் கூற்று. அவர் மறைந்தபின் 1716இல் வெளிவந்த நூலிலேயே அக்கூற்று காணப்படுகின்றது. தீவிலிருந்த உலைக்கூடமோ 1689இல் தீக்கிரையாயிற்று.

அப்பாடு யாது? பொன் கலந்த கண்ணாடி உருகி விரைவாக ஆறுங்கால் பெரும்பாலும் நிறமற்றிருக்கும். மீண்டும் அளவாகச் சூடேற்றினால்தான் சிவப்பு மலரும். சூடு குறைந்தால் நிறம் எழாது. மிகுந்தால் நிறம் கெடும். இவ்வளவை அன்று கண்ணும் கையுமே அறிந்தன.

காரணம் நாடிய முயற்சி 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. மைக்கேல் பாரடே 1857இல் இலண்டன் இராயல் கழகத்தில் நிகழ்த்திய பேருரையில், பொன்னின் செந்நிற நீர்மங்களில் உள்ளவை மிக நுண்ணிய உலோகப் பொற்றுகள்களே என வாதிட்டு, மாணிக்கக் கண்ணாடியையும் அவ்வகையில் அடக்கினார். யேனா நகரக் கண்ணாடித் தொழிற்சாலையிற் பணிபுரிந்த ரிச்சர்டு சிக்மண்டி, சீடன்டோப்புடன் சேர்ந்து 1903ஆம் ஆண்டளவில் அமைத்த மீநுண்ணோக்கியால் அத்துகள்கள் சிதறும் ஒளியைக் காணமுடிந்தது. அவர் 1925ஆம் ஆண்டிற்குரிய வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார். 1908இல் குஸ்தாவ் மீ நிறத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்.

அவ்விளக்கத்தின் சாரம் வருமாறு. ஒளியலை துகளின் மீது பட, அதனுள் உள்ள எலக்ட்ரான்கள் ஒருங்கே அசைகின்றன. குறித்ததோர் அலைநீளத்தில் அவ்வசைவு மிகப் பெரிதாகும். அவ்வொளியைத் துகள் கவர்ந்துகொள்ளும். கண்ணாடியிலுள்ள சிறு பொற்றுகள் 530 நானோமீட்டரை ஒட்டிய பச்சையொளியைக் கவர்தலின் எஞ்சிச் செல்வது சிவப்பு; வெள்ளித்துகள் ஊதாவைக் கவர்தலின் எஞ்சுவது மஞ்சள். கிண்ணத்தின் துகள்களோ பருமை மிக்கன. ஆதலின் பச்சையைச் சிதறவும் செய்கின்றன. மறுசூட்டின் பயனும் இதனால் விளங்கும். கண்ணாடியிற் பிரிந்து கிடக்கும் பொன்னணுக்கள் அச்சூட்டில் திரண்டு துகளாகின்றன. மிகத் திரளின் நிறம் திரியும்.

மூலம் பொருளைக் கூறிற்று; உலை பக்குவத்தைக் கற்பித்தது; காரணம் விளங்க 1612 முதல் 1908 வரை 296 ஆண்டுகள் சென்றன. மீயின் கணக்கு மட்டும் கண்ணாடியை உருக்காது. குங்கெலின் கைத்திறன் மட்டும் அதன் நிறத்தை விளக்காது. ஆகவே தொழில்நூற் சுவடிகளைப் பதிப்பிக்கும் நாமும் சொற்பொருள் தெளிந்த அளவில் அமைதல் ஆகாது. அத்தொழில் வல்லாரின் உலைக்களத்தருகே அமர்ந்து ஏடு கூறாது விட்டதைக் கேட்டெழுதுதல் வேண்டும். அவர் மறைந்தபின் அவ்வாய்ப்பு மீண்டும் கிட்டாது.