காமெடி படுத்துற பாடு

நம்ம கணபதியில ஒருத்தர் "காமெடி பண்ணாதீங்க"ன்னா, சிரிக்க வைக்காதீங்கன்னு அர்த்தம் இல்லீங்க. ஏமாத்தாதீங்கன்னு அர்த்தம். "காமெடியாப் போச்சு"ன்னா காரியம் சொதப்பிருச்சு. "காமெடி பீஸ்"னா ஆளுக்கே மதிப்பில்லை.

வார்த்தையோட பூர்வீகம் கிரேக்கம். கும்மாளம் போட்டுட்டு ஊர்வலம் போற கூட்டத்தோட பாட்டு. 14-ஆம் நூற்றாண்டுல தாந்தே எழுதின காவியத்துக்கும் இதே பேர்தான். அது நரகத்துல ஆரம்பிக்குது, சிரிப்பெல்லாம் தேடக்கூடாது, முடிவு சுபம், அவ்வளவுதான் :-)

நம்மூருக்குள்ள இதைப் பரப்புனது சினிமாதான்னு நினைக்கிறேன். கதை தனி, காமெடி தனின்னு படம் எடுத்த காலம் அது. 1989-ல கரகாட்டக்காரன். உடுமலைப் பக்கத்துக்காரர் கவுண்டமணி அடிக்கறாரு, செந்தில் வாங்குறாரு, நாம சிரிக்கிறோம். மட்டம் தட்டுறதே காமெடின்னு ஆனது இப்படித்தானோ? ஆனா சினிமாவை மட்டும் திட்ட முடியாதுங்க. நகை பிறக்கத் தொல்காப்பியம் சொல்ற நாலு காரணத்துல (எள்ளல், இளமை, பேதைமை, மடன்) எள்ளல்தான் முதல்ல நிக்குது.

குசும்பு வேற சமாச்சாரம். மூஞ்சியில சிரிப்பு இருக்காது, பேச்சுல "ங்க" குறையாது. 1994-ல வந்த அமைதிப்படையில சத்யராஜும் சூலூர் மணிவண்ணனும் பண்ணுனது அதுதான். குசும்புக்குப் பதில் குசும்பு உண்டு. காமெடி பீஸுக்கு அது கிடையாது. பட்டறைக்குப் புதுசா வந்த பையனுக்கு அந்தப் பேர் விழுந்துட்டா, "அண்ணா, மெசின்ல ஏதோ சத்தம் வருதுங்க"ன்னு நிஜமாவே சொன்னாக்கூட சிரிக்கத்தான் செய்யறாங்க.