பத்திரம் இருக்கு, பட்டா இருக்கு... ஆனா வீடு கட்ட முடியாதா? தாம்பரம் பக்கம் மனை வாங்கும் முன் பார்க்க வேண்டியது

முடிச்சூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் பழைய மனை ஒன்று மறுவிற்பனைக்கு வருகிறது. விற்பவர் பெயரில் பத்திரம், பட்டா இருக்கு. வில்லங்கச் சான்றும் சுத்தம். பத்திரப் பதிவும் முடிந்துவிடுகிறது. வீடு கட்ட பிளான் அப்ரூவலுக்குப் போகும்போதுதான் தெரிகிறது, அந்த லே-அவுட்டுக்கு அனுமதியே இல்லை என்று.

பதிவாகுது, ஆனா கட்ட முடியாது. எப்படி?

விளைநிலங்களை அனுமதியின்றி மனைகளாக்குவதை எதிர்த்த பொதுநல வழக்கில், 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20-ல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அமலுக்கு வந்தது. அதில் ஒரு விலக்கு உண்டு: ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவான இடத்தை மீண்டும் பதியலாம். பலர் சிக்குவது இங்கேதான். பதிவு என்பது கைமாறியதற்கான ஆவணம் மட்டுமே, கட்டுவதற்கான அனுமதி அல்ல.

'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்' என்பார்கள். லே-அவுட்டுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. தாம்பரம் பகுதியில் அது சிஎம்டிஏ-விடம் உள்ளது.

வரன்முறை செய்ய முடியாதா?

2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்காக 2017-ல் விதிகள் வந்தன. நீர்நிலை, கால்வாய், அரசு புறம்போக்கில் உள்ளவற்றுக்கு அதில் இடமில்லை. விண்ணப்ப அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டதால், 'அப்புறம் பண்ணிக்கலாம்' என்று புரோக்கர் சொல்வது சகஜம். வரன்முறை ஆணை விற்பவர் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பதே நல்லது.

இரண்டாவது சிக்கல்: நிலப் பயன்பாடு

2008-ல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது முழுமைத் திட்டம் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் குடியிருப்பு, தொழில், விவசாயம் என வகை குறித்திருக்கிறது. தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சுற்றிய பகுதிக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. 2022-ல் ராம்சார் தலமான அந்தச் சதுப்பு நிலத்தைச் சுற்றி 1 கி.மீ.க்குள் புதிய அனுமதி தரக்கூடாது என 2025-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் நினைவிருக்கலாம். பெரும்பாக்கம் பக்கம் வாங்குவோர் இதன் தற்போதைய நிலையை விசாரிக்காமல் இறங்கக் கூடாது.

வகையை மாற்ற, நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 32(4) பிரிவில் சிஎம்டிஏ-விடம் விண்ணப்பிக்கலாம். ஆட்சேபங்கள் கேட்கப்படும். கண்டிப்பாகக் கிடைக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

வக்கீலிடம் என்ன கேட்கணும்?

வழக்கமான லீகல் ஒப்பீனியன் பெரும்பாலும் உரிமையைத்தான் பார்க்கும்: தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கம், வாரிசுகள், பட்டா. நிலப் பயன்பாடும் லே-அவுட் அனுமதி எண்ணும் தானாக அதில் வந்துவிடாது, நீங்கதான் கேட்டு எழுதி வாங்கணும். சர்வே எண் கையில் இருந்தால் நில வகையை சிஎம்டிஏ இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். புது லே-அவுட் 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரெரா பதிவு எண்ணும் கட்டாயம். விளம்பரத்தில் அந்த எண் இல்லை என்றால் மேற்கொண்டு பேச வேண்டாம்.