தானியங்கி நுண்ணிசைவுச் சுற்று

தானியங்கி நுண்ணிசைவுச் சுற்று என்பது தொலைக்காட்சிப் பெட்டியின் இசைவு சற்று விலகும்போது, பார்ப்பவர் குமிழைத் திருகாமலேயே அதனைச் சரிசெய்யும் மின்னணுச் சுற்று ஆகும்.

தேவை

எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918இல் வகுத்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையில், வாங்கியினுள் இருக்கும் அலையியற்றி ஒவ்வொரு நிலையத்தின் அலையையும் ஒரே இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றுகிறது. பெட்டி சூடேறினால் இந்த அலையியற்றியின் அதிர்வெண் நகர்ந்துவிடும். 100 மெகாஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்வு 0.1 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. 800 மெகாஹெர்ட்ஸில் அதுவே 0.8 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும்.

கருப்பு வெள்ளைப் படத்தில் சிறு விலகலைப் பொறுத்துக்கொள்ளலாம். அமெரிக்கா 1953 டிசம்பரில் ஏற்ற வண்ண முறையிலோ, அலையியற்றி ஒரு பக்கம் விலகினால் வண்ணம் மறையும். மறுபக்கம் விலகினால் ஒலி அலை படத்தில் கலந்து நுண்கோடுகளை உண்டாக்கும். விலை கொடுத்து வண்ணப்பெட்டி வாங்கியவர், அடிக்கடி எழுந்து குமிழைத் திருக வேண்டியிருந்தது.

தோற்றம்

இதற்கான தீர்வு வானொலிக் காலத்திலேயே பிறந்தது. சார்லஸ் டிராவிஸ் 1935இல் தானியங்கி அதிர்வெண் கட்டுப்பாடு பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். பாஸ்டர், சீலி ஆகிய இருவரும் 1937இல் விலகலை அளக்கும் எளிய சுற்றொன்றை விளக்கினர். இது பின்னாளில் பண்பலை வானொலியில் ஒலியைப் பிரித்தெடுக்கவும் பெரிதும் பயன்பட்டது.

1960களில் இக்கருத்து வண்ணத் தொலைக்காட்சிக்கு வந்தது.

செயல்படும் விதம்

அமெரிக்கப் பெட்டிகளில் படத்தின் இடைநிலை அதிர்வெண் 45.75 மெகாஹெர்ட்ஸ், இந்தியப் பெட்டிகளில் 38.9 மெகாஹெர்ட்ஸ். இந்த அளவில் சரியாக இருந்தால் சுற்று திருத்த மின்னழுத்தம் எதையும் தராது. கூடினால் ஒரு திசையிலும், குறைந்தால் எதிர்த்திசையிலும் மின்னழுத்தம் தரும். அந்த மின்னழுத்தம், கொள்ளளவு மாறக்கூடிய வேரக்டர் டையோடு வழியாக அலையியற்றியைப் பழைய இடத்துக்கு இழுத்துவரும்.

குறைகளும் மாற்றமும்

சுற்றின் பிடிப்பு எல்லை குறுகியது. அலை வலுவற்ற இடங்களில் அது அடுத்த நிலையத்தின் ஒலி அலையைப் பற்றிக்கொள்வதும் உண்டு. ஆகவே பல பெட்டிகளில் இதனை நிறுத்திவைக்க ஒரு சுவிட்சு இருந்தது. அதனை நிறுத்தி, கையால் இசைவு செய்து, பிறகே இயக்க வேண்டும்.

விலகிய பின் திருத்துவதே இச்சுற்றின் இயல்பு. விலகலே நேராமல் அலையியற்றியைக் குவார்ட்ஸ் படிகத்தோடு பிணைக்கும் முறை 1970களின் இறுதி முதல் பரவியது. ஆயினும் பழைய சுற்று உடனே மறையவில்லை. நிலையங்களைத் தானே தேடும் பெட்டிகளில், நிலையம் கிடைத்துவிட்டது என்று அறிவிக்கும் பணியை அது தொடர்ந்து செய்தது.