ஒலிம்பிக் காணாத ஈட்டி

ஒலிம்பிக் வெற்றியாளர் பட்டியலில் உவே ஹோன் என்னும் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆயினும் ஈட்டியை நூறு மீட்டருக்கு அப்பால் எறிந்தவர் என்று தடகள வரலாறு குறித்து வைத்திருப்பது அவர் ஒருவரைத்தான். இந்த முரணை விளங்கிக்கொள்ள நாம் 1984-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

கிழக்கு ஜெர்மனியின் நொய்ரூப்பினில் 1962-இல் பிறந்த ஹோன், 1982-இல் ஏதென்ஸில் 91.34 மீட்டர் எறிந்து ஐரோப்பிய வாகையர் ஆனார். 1984 ஜூலை 20 அன்று கிழக்கு பெர்லினில் அவர் எறிந்த ஈட்டி 104.80 மீட்டர் தொலைவில் மண்ணைத் தொட்டது. அதுவரை இருந்த உலக சாதனை அமெரிக்கர் டாம் பெட்ரனாஃபின் 99.72 மீட்டர்.

எட்டு நாள் கழித்து லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் தொடங்கிற்று. சோவியத் ஒன்றியத்தோடு சேர்ந்து கிழக்கு ஜெர்மனியும் அதைப் புறக்கணித்திருந்தது. அங்கே ஃபின்லாந்தின் ஆர்ட்டோ ஹார்க்கோனென் 86.76 மீட்டரில் தங்கம் வென்றார். அதே ஆகஸ்டில் மாஸ்கோவின் நட்புறவுப் போட்டியில் ஹோன் எறிந்ததோ 94.44 மீட்டர். ஹார்க்கோனெனின் வெற்றியை நாம் குறைத்துப் பேசவில்லை. வந்தவர்களுள் அவரே முதல்வர். வரவிடாமல் தடுக்கப்பட்டவரைப் பற்றித்தான் நம் கேள்வி.

அடுத்து ஈட்டியே மாறிற்று. 1986 முதல் ஆடவர் ஈட்டியின் ஈர்ப்பு மையம் நான்கு சென்டிமீட்டர் முன்னே நகர்த்தப்பட்டது. முனை விரைவில் தாழ்ந்தது, தூரம் குறைந்தது. ஹோன் ஒருவருக்காகவே விதியை மாற்றினார்கள் என்று சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. பழைய ஈட்டி பல வேளைகளில் தட்டையாக விழும். முனை முதலில் பட்டதா என்று தீர்மானிக்க இயலாமல் நடுவர்கள் திணறுவர். மைதானத்தின் நீளம் போதாது என்ற அச்சத்தை ஹோனின் வீச்சு உறுதிப்படுத்திற்று, அவ்வளவே. சாதனைக் கணக்கு புதிதாகத் தொடங்கியது. புதிய ஈட்டியில் செக் வீரர் யான் ஷெலஸ்னி 1996-இல் எட்டிய 98.48 மீட்டரே உச்சம்.

ஹோனோ 1985-இல் கான்பெராவில் உலகக் கோப்பையை வென்றபின், முதுகுக் காயத்தால் இளமையிலேயே களத்தை விட்டு விலக நேர்ந்தது. பின்னர் பயிற்சியாளரானார். 2018 ஆசிய விளையாட்டில் 88.06 மீட்டர் எறிந்து தங்கம் வென்ற நம் நீரஜ் சோப்ரா அப்போது அவருடைய மாணவர்.

104.80 இனி முறியடிக்கப்படாது. அந்த ஈட்டியே இன்று போட்டியில் இல்லை. அதைப் பெருமை என்பதா, இழப்பு என்பதா? ஜூலை 20-க்கும் 28-க்கும் இடைப்பட்ட அந்த எட்டு நாட்களை எண்ணும்போது, நமக்கு இழப்பென்றே தோன்றுகிறது.