உடைமையும் உண்மையும்: தஞ்சைப் பகுதியில் பாதுகாப்புத் தகுதியின் அளவுகோல்கள்

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், கோயிற் கருவூலத்தைப் பேணும் பண்டாரிகளையும் கோயிலைக் காவல்செய்யும் திருமெய்காப்பாளரையும் ஊர்ச்சபைகளே அனுப்ப வேண்டுமென விதிப்பதோடு, பண்டாரப் பணிக்கு வருவோர் நிலமோ சுற்றமோ முதலோ உடையவராய் இருத்தல் வேண்டுமென்றும் குறிக்கின்றன. பொருள் குறைந்தால் ஈடுசெய்ய உடைமையும், ஆள் மறைந்தால் பதில்சொல்ல உறவும் தேடப்பட்டன என்று இதற்குப் பொருள்கொள்வதே பொருத்தமாகும். முதலாம் பராந்தகனின் 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு நடத்தையையும் அளவுகோலாக்கி, வாரியத்தில், அதாவது சபையின் செயற்குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவரைக் குடவோலைத் தேர்தலிலிருந்து விலக்கியது. ஆயினும் அவருடைய நெருங்கிய உறவினரையும் சேர்த்தே விலக்கியதால், ஒருவரின் நேர்மை இன்னும் குடும்பத்தின் உடைமையாகவே கருதப்பட்டது.

2013இல் தொடங்கி வைக்கப்பட்டு, 2020 சனவரியில் சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவைப் பெற்ற தஞ்சை விமானப்படைத் தளம் போன்ற இடங்களில் பணியேற்போரை இன்று நிலமும் சுற்றமும் தகுதியாக்குவதில்லை. அவர்கள் நிரப்பித் தரும் உறுதிமொழிப் படிவம், அதாவது கைது, வழக்கு, தண்டனை முதலியவற்றைத் தாமே அறிவிக்கும் ஆவணம், காவல்துறைச் சரிபார்ப்புக்கு அடிப்படையாகிறது. ஒரு பழைய குற்றத்தைவிட அதை மறைத்தது பெரிதாகக் கொள்ளப்படுவது இதனால்தான். மறைத்தவரின் இரகசியத்தை அறிந்த மூன்றாமவர் அதைக் காட்டி மிரட்டி அவரிடமிருந்து எதையும் பெறக்கூடும். தாமே வெளிப்படுத்தியவரிடம் அந்த மிரட்டல் செல்லாது.

பணியேற்பில் தகவல் மறைத்தலைப் பற்றிய சட்டத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் அவதார் சிங் வழக்குத் தீர்ப்பு (2016) அடித்தளம். தகவல் உண்மையாயிருத்தல் வேண்டும் என்பதில் அது தளர்வு காட்டவில்லை. ஆயினும் இளவயதில் முழக்கமிட்டது போன்ற சிறு நிகழ்வை மறைத்திருப்பின் பணியளிப்பவர் பொறுத்துக்கொள்ளலாம் என்றும், படிவம் தெளிவாகக் கேளாததைச் சொல்லாமை குற்றமாகாது என்றும், ஒருவரை மறைத்தவரென்று கூறுமுன் அவருக்கு அச்செய்தி தெரிந்திருந்ததா என்பது நிலைநாட்டப்பட வேண்டும் என்றும் அது வரையறுத்தது.

காவிரிப் படுகைக்கு இவ்வரையறைகள் வெறும் சட்ட நுணுக்கங்கள் அல்ல. 2017 சூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது வயலைக் காக்கத் திரண்ட மக்கள் தடியடிக்கும் வழக்குக்கும் ஆளாயினர். இத்தகைய போராட்டங்களில் சிலர் பெயரைக் குறித்து, எஞ்சியோரை 'மற்றும் பலர்' எனச் சேர்க்கும் முதல் தகவல் அறிக்கையில் தம் பெயர் பின்னாளில் இணைக்கப்பட்டதை அறியாத இளைஞர், வழக்கு இல்லை என்று எழுதுவது பொய்யாகாது. அறிந்து எழுதாதவரையும் அறியாமல் விட்டவரையும் ஒரே தட்டில் நிறுத்தும் அலுவலர், நேர்மையைச் சோதிப்பதாக எண்ணிக்கொண்டு தற்செயலையே தண்டிக்கிறார்.

மறுபுறம், உண்மையைச் சொன்னவருக்கும் பாதுகாப்பு முழுமையாக இல்லை. சந்தேகத்தின் பலனால் விடுவிக்கப்பட்டவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கொள்ளும் விதி தமிழ்நாட்டுக் காவல் பணித் தேர்வில் செயற்பட்டு வந்துள்ளது. சொன்னாலும் இழப்பு, சொல்லாவிட்டாலும் இழப்பு என்ற நிலையில் மறைப்பதற்கான தூண்டுதலை விதியே வளர்க்கிறது. உண்மை பேசுவதால் பயனுண்டு என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் உறுதிமொழிப் படிவத்தால் எதையும் அளக்க முடியாது. பாதுகாப்பு அனுமதி மறுப்புக்கான காரணங்களை முத்திரையிட்ட உறையில் நீதிமன்றத்துக்கு மட்டும் காட்டியதை ஏற்காத 2023ஆம் ஆண்டின் மீடியாஒன் தொலைக்காட்சி வழக்குத் தீர்ப்பு, ஒரு நிறுவனத்தைப் பற்றியதாயினும், தனிமனிதருக்கும் பொருந்த வேண்டிய நெறியைக் காட்டுகிறது.

ஆகவே படிவத்தின் வினாக்கள் தமிழிலும் ஐயத்துக்கு இடமின்றி அமைதல் வேண்டும். நிராகரிக்கப்படுபவருக்குக் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். மண்ணுக்காக முழக்கமிட்டதை ஒளிக்காமல் எழுதிய இளைஞரின் விண்ணப்பம் அந்த ஒன்றுக்காகவே தள்ளப்படக் கூடாது.