சுருட்டிலிருந்து மின்சிகரெட் வரை

குருநகரைக் கரையூர் என்று வழங்கிய காலம் ஒன்றிருந்தது. இரவெல்லாம் கடலில் வலையோடு மல்லாடிய உழைப்பாளிக்குக் குளிரிலும் களைப்பிலும் துணையாயிருந்தது சுருட்டு. அவனுடைய பேரப்பிள்ளைகளைத் தேடி இன்று வருவதோ பழவாசனை ஊட்டிய மின்சிகரெட். உருவம் வேறு, உள்ளிருக்கும் நஞ்சு ஒன்றே. நிக்கொட்டின் என்பது அதன் பெயர்.

இந்நஞ்சின் வரலாறு இலாபத்தின் வரலாறாகும். அமெரிக்க மண்ணின் பயிரான புகையிலை ஐரோப்பியரின் கப்பல்களிலேறிக் கீழைத்தேயம் வந்தது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்தின் தலையாய பணப்பயிராகித் திருவிதாங்கூர்ச் சந்தையை நிறைத்தது. அங்கே அரசே அவ்வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீரிறைத்தவனுக்கு வியர்வை. வணிகனுக்கும் கருவூலத்துக்கும் பொன். பின்னர் சிகரெட் வந்தது. 2003இல் சீனாவில் மின்சிகரெட் உருவாயிற்று. புகைப்பதைக் கைவிட உதவும் கருவி என்று புகழப்பட்ட அது, புகையையே அறியாத பிள்ளைகளையும் பற்றிக்கொண்டது.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதைத் தடுத்தது. 2016ஆம் ஆண்டு விதிகள் புகையிலை கொண்ட மின்சிகரெட்டுகளையும் விலக்கின. ஆனால், சட்டம் கடைக்கதவைத்தான் அடைக்கும். பிள்ளையின் மூளையில் வேரூன்றிய வேட்கையை அடைக்காது.

பிரம்பும் அடைக்காது. வளரும் மூளையை நிக்கொட்டின் எளிதில் அடிமைகொள்ளும். நிறுத்தியதும் எரிச்சல், உறக்கமின்மை, கவனச்சிதறல் தோன்றும். முதல் வாரமே மிகக் கடினம். சில வாரங்களில் வேகம் தணியும். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களே நிற்கும். அந்நிமிடங்களைக் கடக்க ஒரு குவளை நீர், சிறிது நடை, உதைபந்தாட்டம், நம்பிக்கைக்குரிய ஒரு தோழன் போதும். நிறுத்தும் நாளை மாணவனே குறிக்கட்டும். ஒருமுறை தவறினால் மீண்டும் தொடங்கட்டும். அடிமைத்தனம் மிகுந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

ஆசிரியத் தோழர்களே, பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட பிள்ளை எங்கே போவான்? விற்பவனிடமே போவான். பிள்ளையைக் குற்றவாளியாக்கும் சமூகம், அறியாமலே வியாபாரியை நிரபராதியாக்கிவிடுகின்றது. பல தலைமுறைகளாக நம் மக்களின் களைப்பை விலைபேசிய வணிகத்தை இனங்காட்டுவோம். அதன் பிடியிற் சிக்கிய பிள்ளையின் கையை மட்டும் விடாதிருப்போம்.