தியன் பியன் பூவின் தாதி

போர்களின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் பெயராலேயே எழுதப்படுகிறது. எந்தப் படை எந்தக் குன்றைப் பிடித்தது, எந்த நாளில் எவர் கொடி இறங்கிற்று என்பனவற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்புவிப்பர். காயமுற்றவன் எங்கே கிடத்தப்பட்டான், அவனுடைய புண்ணைக் கழுவிக் கட்டியவர் யார், மருந்து எவ்வழியே வந்து சேர்ந்தது என்று கேட்போர் மிகச் சிலரே. அக்கேள்விகளுக்கு விடை கூறும் வரலாறு ஒன்று 1954-ஆம் ஆண்டில், வியத்நாமின் வடமேற்கே, லாவோஸ் எல்லையை அடுத்த தியன் பியன் பூ என்னும் பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது. அவ்வரலாற்றோடு பிரிக்க இயலாதபடி இணைந்துவிட்ட பெயர், ஜெனவியேவ் த கலார் என்ற பிரெஞ்சு ராணுவத் தாதியுடையது.

1953 நவம்பர் 20-ஆம் நாள் பிரெஞ்சுப் படையினர் பாராசூட்டுகளில் இப்பள்ளத்தாக்கில் இறங்கி முகாம் அமைத்தனர். சுற்றிலும் மலைகள்; படைக்குப் பயன்படும் தரைவழி இல்லை. உணவும் குண்டும் மருந்தும் ஹனோயிலிருந்து ஆகாய மார்க்கமாகவே வரவேண்டும். வியட் மின் படைத் தலைவர் ஜியாப், கனத்த பீரங்கிகளை மலைச் சரிவுகளில் மனிதத் தோள்வலியால் இழுத்தேற்றி மறைத்து வைத்தார். 1954 மார்ச் 13-ஆம் நாள் மாலை அவை முழங்கத் தொடங்கின.

மேஜர் பால் கிரோவின் என்னும் ரண சிகிச்சை வைத்தியரின் பொறுப்பில் இருந்த மைய மருத்துவமனை, நிலத்தைக் குடைந்து மரக்கட்டைகளாலும் மண்ணாலும் மூடப்பட்ட அறைகளின் தொகுதியேயாகும். காயமுற்றோரை இறக்கி வைக்க ஓரிடம், அறுவைக்கு ஓர் அறை, எக்ஸ்ரே அறை, ஏறக்குறைய நாற்பது படுக்கைகள். இவற்றை இணைக்கும் குறுகலான நடைவழி. ஆயிரக்கணக்கான வீரர் தங்கிய முகாமுக்கு இது எவ்வாறு போதும் எனலாம். போர்க்கள மருத்துவமனை நோயாளியை வைத்துக் குணப்படுத்தும் இடமன்று. அனுப்பி வைக்கும் இடம். குருதிப் பெருக்கை நிறுத்தி, இரத்தம் ஏற்றி, தவிர்க்க முடியாத அறுவையை மட்டும் செய்து, விமானத்தில் ஹனோய்க்கு அனுப்பிவிட்டால் படுக்கை அடுத்தவனுக்குக் காலியாகும். ஆகவே, அம்மருத்துவமனையின் உயிர்நாடி விமான ஓடுபாதையே. பீரங்கிகளின் முதல் இலக்கும் அதுவே ஆயிற்று.

அந்நாளில் கலார் அம்மையாருக்கு வயது 28. காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் விமானங்களில் உடன்சென்று பேணும் ஆகாயத் தாதியர் பிரிவைச் சேர்ந்தவர். முகாமிலிருந்து பலமுறை காயமுற்றோரை அழைத்துச் சென்றவர். மார்ச் 28-ஆம் நாள் விடியுமுன் இருளில் வந்திறங்கிய அவருடைய டக்கோட்டா விமானம் பழுதுற்றது. பொழுது புலர்ந்ததும் பீரங்கிக் குண்டுகள் அதை அழித்தன. அதன்பின், முற்றுகை முடியும் வரையில், காயமுற்றோரை ஏற்றிக்கொண்டு அங்கிருந்து கிளம்பிய விமானம் ஒன்றேனும் இல்லை. திரும்பிப் போக வழியற்றுப்போன அவர், கிரோவினிடம் சென்று தமக்கு வேலை தருமாறு கேட்டார். மிகக் கொடிய காயமுற்றோர் கிடந்த பகுதி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

வெளியே செல்லும் வாயில் அடைபட்டபின் அம்மருத்துவமனையின் நிலை என்ன? வருவோர் வந்துகொண்டே இருந்தனர்; போவோர் இல்லை. நடைவழிச் சுவர்களைக் குடைந்து, மாடங்கள் போலப் படுக்கைகள் அமைத்தனர். இரத்தமும் பெனிசிலினும் பாராசூட் வழியே வந்தன. காற்று திசைமாறினால் எதிரியின் வரிசைக்குள் விழுந்தன. ரண சிகிச்சை வைத்தியரும் பாராசூட்டிலேயே வந்திறங்கினர். பின்னர் மழைக்காலம் தொடங்கியது. சேறு அறைகளுக்குள் புகுந்தது. கட்டுகளின் அடியில் புழுக்கள் நெளிந்தபோது அஞ்சிய வீரரிடம், அவை அழுகிய தசையைத் தின்று புண்ணைத் தூய்மை செய்வனவே என்று வைத்தியர் விளக்கித் தேற்றவேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், மொராக்கியர், அல்ஜீரியர், ஆப்பிரிக்கர், வியத்நாமியர் என அங்கே கிடந்தோர் பல நாட்டினர். வேதனையில் அவரவர் தாய்மொழியிலேயே முனகினர்.

வெளியுலகப் பத்திரிகைகள் அம்முகாமில் ஒரே ஒரு பெண்மணி இருந்ததாக எழுதின. அது முழு உண்மையன்று. வேறு காரணத்திற்காகப் படையால் கொண்டுவரப்பட்டிருந்த அல்ஜீரிய, வியத்நாமியப் பெண்களும் அங்கே இருந்தனர். முற்றுகையில் அவர்களும் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தனர். அவர்களுக்குப் பதக்கம் இல்லை. அவர்களுடைய படத்தை எந்தப் பத்திரிகையும் வெளியிடவில்லை.

ஏப்ரல் 29-ஆம் நாள் கலார் அம்மையாருக்குப் பிரான்ஸின் லெஜியன் ஆஃப் ஹானர் விருது அம்முகாமிலேயே வழங்கப்பட்டது. மே 7-ஆம் நாள் முகாம் வீழ்ந்தது. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். தொலைவிலிருந்த சிறை முகாம்களுக்குக் கால்நடையாகக் கொண்டு செல்லப்பட்ட அவர்களுள் பாதிப்பேர்கூட உயிருடன் திரும்பவில்லை. மருத்துவமனையினர் மட்டும் அங்கேயே இருந்து பணியைத் தொடர அனுமதிக்கப்பட்டனர். காயமுற்றோர் சுரங்கத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, பாராசூட் துணிகளை விரித்துக் கட்டிய கூடாரங்களின் கீழ்க் கிடத்தப்பட்டனர். கலார் அம்மையார் எஞ்சிய மருந்தில் ஒரு பகுதியைத் தம் படுக்கைக்கு அடியில் மறைத்து வைத்துக் காத்தார்.

1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளின்படி, எதிரியின் கையில் சிக்கிய வைத்தியரும் தாதியரும் போர்க் கைதிகளாகக் கருதப்படார். தம் பக்கத்துக் கைதிகளுக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவிற்கு மட்டுமே அவர்களை நிறுத்திவைக்கலாம். ஹோ சி மின் அரசு அவ்வுடன்படிக்கைகளில் சேர்ந்தது 1957-இல் தான். எனினும், பேச்சுவார்த்தையின் பயனாக, கடுங்காயமுற்ற எண்ணூறுக்கும் மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். மே 24-ஆம் நாள் கலார் அம்மையாரும் ஹனோய் திரும்பினார்.

அவ்வாண்டு ஜூலையில் கையெழுத்தான ஜெனீவா ஒப்பந்தத்தின் நிறைவேற்றத்தை மேற்பார்வையிடும் குழுவுக்கு இந்தியாவே தலைமை வகித்தது. பிரெஞ்சு ஆட்சி ஆசியாவில் ஒடுங்கிய அதே ஆண்டில், நவம்பர் 1-ஆம் நாள், நம் புதுச்சேரியின் நிர்வாகமும் இந்தியாவின் கைக்கு வந்தது.

விடுதலைக்குப் பின் புகழ் அவரைச் சூழ்ந்தது. நியூயார்க் வீதிகளில் ஊர்வலம். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரின் கையால் பதக்கம். தோல்வியுற்ற நாட்டுக்கு ஒரு வீராங்கனை வேண்டியிருந்தது. வென்ற தரப்புக்கும் தன் கருணையைக் காட்ட அவருடைய விடுதலை பயன்பட்டது. அவரோ, தாம் செய்தது கடமை மட்டுமே என்று கூறிவந்தார். பின்னாளில் பாரிஸில் காயமுற்ற வீரருக்கான மறுவாழ்வு மருத்துவமனையில் பணியாற்றினார். 2024 மே 30-ஆம் நாள், 99-ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய சொல்லைத் தன்னடக்கம் என்று ஒதுக்கிவிடலாகாது. அச்சுரங்கத்தைத் தாங்கியவர் ஒருவரல்லர். அறுத்தவர், கட்டியவர், சுமந்தவர், சுவரைக் குடைந்தவர் எனப் பலர். பேர் பெற்ற ஒரு தாதியை நினைக்கும்போது, பேர் அறியப்படாத அப்பெண்களையும் உடன் நினைத்தலே அவருக்குச் செய்யும் மெய்யான மரியாதையாகும்.